போர் ஓய்ந்த நாட்டில் கோர்ட்டும் லஞ்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் சிவில் வழக்கு நடத்தும் வக்கீல் நான். சனிக்கிழமை சாயங்காலம் சட்டம் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் ஆபீஸ் மாடிக்கு வருவார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஊர்க் காணிப் பத்திரங்களைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துவந்து காட்டப்போய்த்தான், சண்டை முடிந்த நாடுகளில் நீதிமன்றம் எப்படிக் கெடுகிறது, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்து பார்த்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாடியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

போர் நடக்கும்போதுதானே எல்லா அக்கிரமமும் நடக்கும்? முடிந்த பிறகு கோர்ட்டில் லஞ்சம் ஏன் கூடுகிறது?

போர் நடக்கும்போது கோர்ட்டுக்கு யாரும் போவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்வதே தீர்ப்பு. சமாதானம் வந்த மறுநாள்தான் எல்லாருக்கும் காகிதம் தேவைப்படுகிறது. வீடு யாருடையது, காணாமல் போனவர் செத்தாரா இருக்கிறாரா, அவர் மனைவி மறுமணம் செய்யலாமா, வாரிசு யார், வங்கியில் கிடக்கும் பணம் யாருக்கு என்று வழக்குகள் மலையாகக் குவியும். கையெழுத்துப் போட வேண்டியவர்களோ மிகச் சிலர்.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு முன் சுமார் 750 நீதிபதிகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு மிஞ்சியவர்கள் 244 பேர். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி 1979-ல் விழுந்தபோது, சட்டம் படித்தவர்களில் உயிரோடு நாட்டில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். கிழக்குத் தைமூரில் இந்தோனேசிய ஆட்சியில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட நீதிபதியாக இருக்கவில்லை. 2000 ஜனவரியில் ஐ.நா. நிர்வாகம் முதல் நீதிபதிகளுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தபோது, வக்கீலாக நின்றுகூட அதிகம் பழகாத இளைஞர்கள்தான் கிடைத்தார்கள்.

இதே சமயத்தில் வெளியிலிருந்து உதவிப் பணம் கொட்டுகிறது, தலைநகரில் நிலத்தின் விலை ஏறுகிறது, காண்ட்ராக்டுகள் பறக்கின்றன. கையெழுத்துக்குப் பஞ்சம், பணத்துக்குப் பஞ்சமில்லை. அப்புறம் கேட்பானேன்.

கோர்ட் ஊழல் என்றால் நீதிபதி பெட்டி வாங்கிக்கொண்டு தீர்ப்பு எழுதுவதுதானே?

சினிமாவில் அப்படித்தான் காட்டுவார்கள். அதுவும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போருக்குப் பிந்தைய நாடுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, பெரும் வியாபாரம் நீதிபதியின் மேசைக்கு வெளியேதான் நடக்கிறது என்பது என் முடிவு. அங்கே விற்கப்படும் சரக்கு தீர்ப்பு அல்ல, தாமதம்.

ஒரு சிவில் வழக்கு போகும் வழியை மட்டும் பாருங்கள். முதலில் மனு தாக்கல், அடுத்து நம்பர் விழ வேண்டும். பிறகு எதிராளிக்குச் சம்மன் போக வேண்டும். போன அமீனா “வீடு பூட்டியிருந்தது” என்று எழுதினால் ஒரு வாய்தா. வழக்குக் கட்டு கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வாய்தா. கட்டு கிடைத்தும் அதில் ஒரு ஆவணத்தைக் காணோம் என்றால் அதற்கும் ஒன்று. எல்லாம் முடிந்து தீர்ப்பு வந்தாலும் நகல் வர வேண்டும். நகல் வந்த பிறகு நிறைவேற்று மனு, அதற்கும் ஒரு அமீனா. ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு பேரேடு.

இப்போது அடுத்தவன் வீட்டில் குடியிருக்கும் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரன் போரில் ஓடிப்போய்த் திரும்பி வந்து வழக்குப் போட்டிருக்கிறான். உள்ளே இருப்பவனுக்குத் தீர்ப்பை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாய்தா வாங்கினால் ஒரு மாத வாடகை மிச்சம். நீதிபதி யோக்கியராக இருக்கலாம், அவர் எழுதும் தீர்ப்பும் சரியாக இருக்கலாம். ஆறு வருஷம் கழித்து வரும் அந்தச் சரியான தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரன் என்ன செய்வான்?

ஆப்கானிஸ்தானில் சிவில் தீர்ப்புகளை நிறைவேற்றும் வேலை கோர்ட்டிடம் இல்லை; நீதி அமைச்சகத்தின் கீழ் ‘ஹுகூக்’ என்று தனித் துறை இருந்தது. ஜெயித்தவன் கோர்ட்டிலிருந்து இறங்கி அந்த அலுவலகத்தின் படியேற வேண்டும். அதாவது இன்னொரு வரிசை, இன்னொரு மேசை.

நிலம் ஏன் எல்லா நாட்டுக் கதையிலும் வருகிறது?

ஓடும்போது தூக்கிக்கொண்டு போக முடியாத சொத்து அது ஒன்றுதான்.

கொசோவோ கதை நம்மூர்க்காரர்களுக்கு உடனே புரியும். 1999-ல் செர்பியப் படை வெளியேறியபோது கொசோவோவின் நிலப் பதிவேடுகளில் பெரும்பகுதி செர்பியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. ஸ்கேன் செய்த பிரதிகளைத் திருப்பித் தர 2011-ல்தான் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இடைப்பட்ட காலத்தில் நடந்தது, கடலூரில் எந்த சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்பவரும் ஊகிக்கக்கூடியது: போலி பவர் பத்திரம். ஊரைவிட்டுப் போன செர்பியர் தன் வீட்டை விற்க இன்னாருக்கு அதிகாரம் கொடுத்ததாக ஒரு காகிதம் வரும். அந்தக் காலத்தில் அங்கே கிரய ஒப்பந்தங்களை நகராட்சி நீதிமன்றத்தில்தான் காட்டி உறுதி செய்ய வேண்டும். ஆக, மோசடிக் கிரயத்தின் மேல் விழுந்த முத்திரை கோர்ட் முத்திரை. உண்மையான சொந்தக்காரர் பல வருஷம் கழித்து வந்தபோது வீடு இரண்டு கை மாறியிருந்தது. போரில் இழந்த சொத்து பற்றி அங்கே தனி அமைப்புக்கு வந்த மனுக்கள் மட்டும் 42,000-க்கு மேல்.

காபூலில் 2003-ல் ஷேர்பூர் என்ற பகுதியில் ஏழைகளின் வீடுகளை போலீஸ் புல்டோசர் வைத்து இடித்தது. அந்த மனைகள் அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் போயின, பிறகு அங்கே மாளிகைகள் எழுந்தன. வீடு இழந்தவர்கள் வழக்குப் போட்டிருக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். யார்மீது போடுவது? மனை வாங்கியவர்கள்தான் அரசாங்கம்.

சம்பளத்தை உயர்த்தினால் தீர்ந்துவிடாதா சார்?

உயர்த்தத்தான் வேண்டும். தாலிபான் முதல்முறை விழுந்த பிறகு வந்த ஆண்டுகளில் ஆப்கான் நீதிபதி ஒருவரின் மாதச் சம்பளம் நூறு டாலர் அளவில்தான் இருந்தது. அதே ஊரில் வெளிநாட்டு நிறுவனத்தில் வண்டி ஓட்டியவர் அதைவிட அதிகம் வாங்கினார். அப்படி வைத்துக்கொண்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் சம்பளம் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. போஸ்னியாவில் நீதிபதிகள் சராசரிச் சம்பளத்தைப்போலப் பல மடங்கு வாங்குகிறார்கள், மக்கள் நம்பிக்கை என்னவோ தரைமட்டத்தில்தான் கிடக்கிறது. உக்ரைனில் 2023 மே மாதம் கைதானவர் உச்ச நீதிமன்றத்தின் தலைவர். 27 லட்சம் டாலர் லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. சம்பளம் போதாமல் வாங்கும் தொகையா அது?

பழைய நீதிபதிகள் எல்லாரையும் அனுப்பிவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுத்தால்?

போஸ்னியா அதைச் செய்து பார்த்தது. 1992 முதல் 1995 வரை போர், டேட்டன் ஒப்பந்தத்தோடு சமாதானம். போர்க்காலத்தில் நியமிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்தந்த இனக் கட்சிகளின் ஆட்கள். ஆகவே 2002-லிருந்து 2004 வரை, நாட்டின் எல்லா நீதிபதி, அரசு வழக்கறிஞர் பதவிகளையும் காலி என்று அறிவித்து, இருப்பவர்களும் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். மொத்தம் ஆயிரம் பதவி அளவுக்கு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பழையவர்களுக்குத் திரும்ப வேலை கிடைக்கவில்லை.

இனிமேல் நியமனத்தில் அரசியல்வாதி கை வைக்கக் கூடாது என்று 2004-ல் உயர் நீதித்துறைக் கவுன்சில் ஒன்றை அமைத்தார்கள். நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் பெரும்பான்மையாக உள்ள 15 பேர் குழு. நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர்கள் கையில்.

பதினைந்து வருஷத்தில் என்ன ஆயிற்று? 2019-ல் அந்தக் குழுவின் தலைவரும் ஒரு வியாபாரியும் சந்தித்துப் பேசிய பதிவு வெளியே வந்து நாடே கொதித்தது. சக உறுப்பினர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். 2020 டிசம்பரில் இன்னொரு பதிவு வெளியான பிறகுதான் அவர் விலகினார். அரசியல்வாதியை வெளியே நிறுத்தக் கட்டிய சுவர், பொதுமக்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

நம்ம நாட்டுக் கொலிஜியம் (நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை) சண்டையை இதோடு ஒப்பிட்டுப் பேசலாமா என்று உடனே கேட்பார்கள். பேசலாம். ஆனால் அது இன்னொரு சனிக்கிழமைக்கு.

வெளிநாட்டு நீதிபதிகளை உட்காரவைத்தால் சொந்தம், சாதி, கட்சி என்ற தொல்லை இருக்காதே?

அந்தத் தொல்லை குறையும், வேறு தொல்லைகள் வரும். கொசோவோவில் 2008-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் யூலெக்ஸ் பணிக்குழு இருந்தது. அதன் நீதிபதிகள் 2018 வரை நேரடியாக வழக்குகளை விசாரித்தார்கள். ஊழலை ஒழிக்க வந்த அந்தக் குழுவுக்கு உள்ளேயே ஊழல் என்று 2014-ல் அதன் சொந்த வழக்கறிஞர் ஒருவர் புகார் கிளப்ப, ஐரோப்பிய ஒன்றியம் தனி விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. நிரூபணமானதா என்பதை விடுங்கள். ‘நீங்களுமா’ என்று உள்ளூர்க்காரன் கேட்டதில்தான் சேதம்.

கிழக்குத் தைமூரில் 2014 அக்டோபரில் அரசே வெளிநாட்டு நீதிபதிகளை மூட்டை கட்டச் சொன்னது. பெட்ரோலிய நிறுவனங்களின் வரி வழக்குகளில் அரசு தோற்றதற்கு இவர்களே காரணம் என்றார்கள். அமைச்சர்கள் மீதான ஊழல் வழக்குகளும் அப்போது நடந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கம்போடியா பற்றிப் புதுச்சேரியில் கொஞ்சம் அதிகமாகவே ஆர்வம் உண்டு. பிரெஞ்சுக் காலத்தில் இந்தோசீனாவில் வேலை பார்த்த தாத்தாக்களின் போட்டோ இன்னும் பல சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்) வீடுகளில் தொங்குகிறது. கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்க 2006-ல் அமைந்த கலப்பு நீதிமன்றத்தில், உள்ளூர் நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 2007-லேயே புகார் வந்தது: வேலைக்குச் சேர்ந்த கம்போடிய ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை மேலதிகாரிக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதாம். இனப்படுகொலையை விசாரிக்கும் கோர்ட்டில் வேலைக்கு மாமூல்! 2009-ல் புகார் கேட்கத் தனி ஆலோசகர் ஒருவரை நியமித்துச் சமாளித்தார்கள். 2022-ல் வேலையை முடித்தபோது மொத்தம் தண்டனை பெற்றவர்கள் மூன்று பேர்.

தாலிபான் கோர்ட்டில் லஞ்சமே இல்லை, நாலு நாளில் தீர்ப்பு என்று யூடியூபில் சொல்கிறார்களே?

பாதி உண்மை. அதனால்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

2021-க்கு முன்பே, அரசாங்கம் காபூலில் இருக்கும்போதே, கிராமங்களில் தாலிபான் நிழல் கோர்ட் நடத்தியது. மோட்டார் பைக்கில் வந்து மரத்தடியில் விசாரித்துவிட்டுப் போவார்கள். நகரத்தில் வாழ்ந்தவர்கள்கூட நிலத் தகராறுக்கு அங்கே போனார்கள். காரணம் பக்தி அல்ல. அரசு கோர்ட்டில் வருஷக்கணக்கில் அலைந்து, ஒவ்வொரு மேசைக்கும் கொடுத்து, கடைசியில் எதிராளி அதிகம் கொடுத்தான் என்று தோற்றவர்கள் அவர்கள். 2012-ல் ஆப்கான் மக்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு அரசு வேலைக்கு லஞ்சம் கொடுத்ததாகவும், மொத்தத் தொகை 390 கோடி டாலர் என்றும் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கிட்டது. வெளிநாடுகள் ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்டிய நாட்டில், தாலிபானுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததில் அரசு கோர்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

மறுபாதி என்ன? வாதாட வக்கீல் இல்லை, ஒத்துக்கொள் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பெண் கேட்டால் பதில் வேறு. 2021 ஜனவரியில் காபூலில் உச்ச நீதிமன்றத்தில் பணிபுரிந்த இரண்டு பெண் நீதிபதிகளை வேலைக்குப் போகும் வழியில் அடையாளம் தெரியாதவர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் தாலிபான் உள்ளே வந்ததும் 250 பேர் அளவிலான பெண் நீதிபதிகள் வேலையிழந்து தலைமறைவானார்கள் அல்லது நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்கள் சிறைக்கு அனுப்பிய ஆட்களே வெளியே வந்து அவர்களைத் தேடினார்கள்.

ஆகவே ‘லஞ்சம் இல்லாத கோர்ட்’ என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். பயத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

ருவாண்டாவில் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி ஏதோ நடத்தினார்களாமே?

‘கச்சாச்சா’. சிறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைந்து கிடந்தார்கள். வழக்கமான கோர்ட்டில் விசாரித்தால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். எனவே ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த, சட்டம் படிக்காத, சம்பளம் இல்லாத நீதிபதிகளை வைத்து வாரம் ஒருமுறை புல்தரையில் விசாரணை. 2002-ல் சோதனையாகத் தொடங்கி 2012-ல் முடித்தார்கள். சுமார் 12,000 ஊர் மன்றங்கள், ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகள்.

வேகம் என்று பார்த்தால் அசாத்தியம். எல்லாம் ஊர் கண்முன்னால் நடந்ததால் வாய்தா வியாபாரத்துக்கு இடமில்லை. ஆனால் சம்பளமில்லாத நீதிபதி என்றாலே சபலத்துக்கு வாசல் திறந்ததுதான். பீர் வாங்கிக் கொடுத்தும், பணம் கொடுத்தும் சாட்சியை மாற்றியதாகப் புகார்கள் வந்தன. ஆளும் தரப்புப் படையினர் செய்த கொலைகள் அங்கே விசாரணைக்கே வரவில்லை. அது லஞ்சத்தைவிடப் பெரிய ஓட்டை.

இதில் வக்கீல்களுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. ‘ஐயாவுக்குக் கொடுக்கணும்’ என்று கட்சிக்காரரிடம் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்ளும் ஆள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த ‘ஐயா’வுக்கு விஷயமே தெரியாது. என் தொழிலைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதினால் பார் அசோசியேஷனில் டீ கிடைக்காது.

எங்கேயாவது எதுவாவது வேலை செய்ததா? எல்லாம் தோல்விதானா?

ஒன்று வேலை செய்தது, அதுவும் அதே போஸ்னியாவில். நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

போரில் ஓடியவர்களின் வீடுகளில் வேற்று இனத்தவர் குடியேறியிருந்தார்கள். சொத்தைத் திருப்பிக் கேட்டு வந்த மனுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். ஆரம்பத்தில் அதிகாரிகள் மனுவை வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். வேண்டியவர் மனு மேலே வரும், வேண்டாதவர் மனு அடியில் போகும். அந்த அதிகாரிகளில் பலரே பிறர் வீட்டில் குடியிருந்தார்கள், பிறகு எப்படி நகரும்?

1999-லிருந்து, சமாதான ஒப்பந்தத்தை மேற்பார்வை பார்த்த சர்வதேச அதிகாரிகள் ஆட்டத்தின் விதியை மாற்றினார்கள். இதை வழக்கமான சிவில் கோர்ட்டில் விடாமல் நகராட்சி அலுவலகத்தின் நிர்வாக வேலையாக ஆக்கினார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: போருக்கு முன் இந்த வீட்டில் யார் இருந்தார்? சரி என்று தெரிந்தால் உத்தரவு. உள்ளே இருப்பவருக்குப் பொதுவாக 90 நாள் கெடு. இரண்டாவது, மனுக்களை வந்த தேதி வரிசைப்படியேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். யாருக்கும் முன்னுரிமை கிடையாது. மூன்றாவது, எந்த ஊரில் எத்தனை மனு முடிந்தது என்று மாதாமாதம் வெளியிட்டார்கள். பின்தங்கிய ஊர் எது என்று எல்லாருக்கும் தெரிந்தது. நான்காவது, தடையாக நின்றவர்களை வெளியே அனுப்பினார்கள். 1999 நவம்பரில் ஒரே நாளில் 22 அதிகாரிகளின் பதவி போயிற்று. பிறர் வீட்டில் இருந்த போலீஸ்காரர், அதிகாரி எல்லாரும் முதலில் காலி செய்ய வேண்டும் என்று நெருக்கினார்கள்.

சில வருஷங்களில் மனுக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் முடிந்துவிட்டன. வீடு திரும்பக் கிடைத்தவர்களில் பலர் அங்கே போய் வாழவில்லை, விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள் என்பதும் உண்மை. ஆனால் விற்கவாவது அவர்கள் கையில் வந்தது.

இதில் நீதிபதியின் மனசாட்சி எங்கே வருகிறது பாருங்கள். எங்குமே வரவில்லை. வரிசையை யாரும் கலைக்க முடியாதபடி செய்தார்கள்; விற்பதற்குச் சரக்கு இல்லாமல் போயிற்று.

அதே நாட்டு சிவில் கோர்ட்டுகளின் கதி இதற்கு நேர்மாறு. இருபது லட்சம் அளவுக்கு வழக்குத் தேக்கம், அதில் பெரும்பகுதி குடிநீர், குப்பை, வீட்டுச் சூடேற்றி முதலான கட்டண பாக்கிகள். அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு நிஜ வழக்கை ஒளித்துவைப்பது எவ்வளவு சுலபம்.

ஊழலுக்கென்றே தனி கோர்ட் வைத்தால்?

உக்ரைன் 2019 செப்டம்பரில் ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றத்தைத் தொடங்கியது. நீதிபதித் தேர்வில் சந்தேகமானவர்களைக் கழித்துக்கட்டும் அதிகாரத்தை வெளிநாட்டு நிபுணர் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். போர் நடக்கும் நாட்டில், உச்ச நீதிமன்றத் தலைவரையே தொடும் துணிச்சல் புலனாய்வு அமைப்புக்கு வந்ததற்கு, இப்படியொரு கோர்ட் பின்னால் இருந்ததும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆப்கானிஸ்தானும் 2016-ல் ஒரு தனி நீதி மையம் தொடங்கியது. ஆனால் அந்நாட்டின் போக்கைத் தெரிந்துகொள்ள காபூல் பேங்க் விவகாரம் போதும். 2010-ல் அந்த வங்கி கவிழ்ந்தபோது 90 கோடி டாலர் அளவுக்குப் பணம் வேண்டியவர்களுக்குக் கடனாகப் போயிருந்தது. தலைமை நிர்வாகிக்குச் சிறைத் தண்டனை ஆயிற்று. 2015 நவம்பரில் காபூலில் ஒரு பெரிய நகரியத் திட்டத்தை அரசு கோலாகலமாகத் தொடங்கியது. மேடையில் முதலீட்டாளராக உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கைதி. கூச்சல் கிளம்பிய பிறகு திரும்ப உள்ளே அனுப்பினார்கள்.

நம்ம ஊர் கோர்ட் ரொம்ப யோக்கியமா?

யார் சொன்னது? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: நம்மிடம் போய்த் தட்டுவதற்குக் கதவு இருக்கிறது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன. கீழ்க் கோர்ட்டுகளின் கட்டுப்பாடு அரசியல் சாசனத்தின் 235-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்திடம். அங்கே விஜிலென்ஸ் பதிவாளர் இருக்கிறார், ஊழியர்மீதும் நீதித்துறை அதிகாரிமீதும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அடங்குவார் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னதே, சென்னையின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி தொடுத்த வழக்கில்தான். ஆனால் வழக்குப் பதிய இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாய்தா விஷயத்துக்கு வருவோம். விசாரணை நடக்கும்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியும் உத்தரவும் கட்சிக்காரர் போனிலேயே தெரிய ஆரம்பித்த பிறகு, ‘தேதி கேட்டுச் சொல்றேன், நூறு ரூபா கொடுங்க’ என்ற பேச்சு கண்முன்னால் செத்துப்போனது. எந்த நீதி போதனையும் சாதிக்காததை ஒரு செயலி செய்தது.

இலங்கையைப் பற்றி ஏன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்?

கேட்பவர்களுக்கு அது வெறும் பாடம் அல்ல என்பதால், நிதானமாகப் பேசலாம் என்றுதான்.

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு அங்கே நீதித்துறைக்கு வந்த பெரிய சோதனை பணத்தால் அல்ல, அதிகாரத்தால் வந்தது. தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை 2013 ஜனவரியில் நாடாளுமன்றம் பதவி நீக்கியது. அந்த நடைமுறை செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லியும் நீக்கியது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் நீக்கமே செல்லாது என்று அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றார். 2023 செப்டம்பரில் முல்லைத்தீவு நீதிபதி டி. சரவணராஜா உயிர் அச்சுறுத்தல் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நாட்டைவிட்டே போனார். தலைமை நீதியரசருக்கே இந்தக் கதி என்றால், ஒரு மாவட்ட நீதிபதி தன் முன்னால் வரும் காணி வழக்கில் பெரிய இடத்துக்கு எதிராக எழுதும்போது என்ன யோசிப்பார்? பயந்த நீதிபதியை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை.

எங்க தாத்தா பேர்ல வவுனியாப் பக்கம் காணி இருக்கு சார். அங்க இப்ப வேற ஆள் இருக்காங்களாம். நாங்க இங்கிருந்தே என்ன செய்யலாம்?

முதலில், உங்களிடம் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். நொத்தாரிசு (நோட்டரி) முன் எழுதிய உறுதியா (சொத்துப் பத்திரம்), அரசு கொடுத்த அனுமதிப் பத்திரமா? வன்னியில் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரங்கள் நிறைய. இரண்டுக்கும் வழி வேறு. அனுமதிப் பத்திரக் காணிக்கு வாரிசு நியமனம் எழுதியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, அதைப் பிரதேச செயலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். உறுதி தொலைந்திருந்தால் பதற வேண்டாம். நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். பதிவேடு பிழைத்திருந்தால் சான்றுப் பிரதி எடுக்கலாம்.

இரண்டாவது, காலக்கெடு. அங்கே பத்து வருஷம் தடையில்லாமல் அனுபவித்தவர் சொந்தம் கொண்டாடலாம். போரினால் போக முடியாமல் இருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2016-ல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருஷமே கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. அதற்காக எல்லா உரிமையும் போனது என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பவர் எப்போது, யார் அனுமதியில் வந்தார் என்பதைப் பொறுத்து மாறும். அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதத்தைக் காட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்.

மூன்றாவது, வாரிசுச் சங்கிலி. தாத்தா இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், இங்கே நடந்த கல்யாணப் பதிவு, இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்த காகிதம். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அங்கே ஒரு மேசையில் ஒருவர் ‘இது போதாது’ என்று சொல்லக் காரணம் கிடைத்துவிடும். எழுத்துப்பிழைகளை இப்போதே திருத்துங்கள். ஒரு சான்றிதழில் ‘கந்தையா’, இன்னொன்றில் ‘கந்தசாமி’ என்றால் தனியாக ஒரு சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) வேண்டியிருக்கும்.

கடைசியாக, ‘நான் முடித்துத் தருகிறேன், பவர் எழுதிக் கொடுங்கள்’ என்று யாராவது முகாமுக்கே வந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும்தான். பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றுக் கொடுங்கள். எந்தக் காணி, என்ன வேலை, எந்தத் தேதிவரை என்று மூன்றும் அதில் இருக்கட்டும். பிரதி எடுக்கவும் அலுவலகத்தில் ஆஜராகவும் அதிகாரம் போதும். விற்க, அடமானம் வைக்க என்ற வரிகள் டைப் அடித்து வந்தால் அடித்துவிட்டு, அடித்த இடத்தில் உங்கள் சுருக்கொப்பம் இடுங்கள். மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை வரும்போது அதையும் எடுத்து வாருங்கள், கீழே ஜெராக்ஸ் கடை எட்டு மணிவரை திறந்திருக்கும்.